பெஞ்சுக்கு அடியில் பிள்ளைகள்: குடிமைப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் பாடம் எழுதுவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய பள்ளிகளில் 31 ஆண்டுகள் பாடம் எடுத்தவன். என் வீடு கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றிய 16 கிலோமீட்டர் வட்டத்துக்குள் வருகிறது. இந்த வட்டத்துக்குள் இருக்கிறவர்களுக்கு ஒத்திகை புதிதில்லை. அவ்வப்போது ஒலிபெருக்கி கட்டிய வண்டி வரும். கதவு சன்னலைச் சாத்தச் சொல்வார்கள். அதிகாரிகள் தாளில் எதையோ குறித்துக்கொள்வார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்து கூட்டம் டீக்கடைக்குத் திரும்பிவிடும்.

பாகிஸ்தானோடு சண்டை மூண்ட 2025 மே 7 அப்படி முடியவில்லை. உள்துறை அமைச்சகம் நாடு முழுக்க 244 குடிமைப் பாதுகாப்பு மாவட்டங்களில் போர்க்கால ஒத்திகை நடத்தச் சொல்லியிருந்தது. தமிழ்நாட்டில் சென்னையும் கல்பாக்கமும் அந்தப் பட்டியலில் இருந்தன. சைரன், விளக்கணைப்பு, ஆட்களை வெளியேற்றுதல், கூடவே மாணவர்களுக்குத் தற்காப்புப் பயிற்சி. எங்கள் பக்கம் கோடை விடுமுறை, அதனால் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. வடக்கே திறந்திருந்த பள்ளிகளின் படங்கள் மறுநாள் வரை செய்திகளில் ஓடின. சீருடை போட்ட பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் குனிந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். கேமரா தங்கள் பக்கம் திரும்புகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தவர்களும் இருந்தார்கள். பிள்ளைகள் பிள்ளைகள்தானே.

ஒத்திகையே கூடாது என்று எழுத வரவில்லை. புயலுக்கும் தீக்கும் நானே பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஓட விட்டவன். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதை வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிக் கொடுத்தவன். என் வழக்கு வேறு. அந்தப் படங்களைப் பார்த்ததும் 1951ஆம் ஆண்டின் ஓர் ஆமை நினைவுக்கு வந்தது. அந்த ஆமையைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும்.

1949 ஆகஸ்ட் 29 அன்று சோவியத் ஒன்றியம் தன் முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. அதுவரை அந்தக் குண்டு அமெரிக்காவிடம் மட்டும் இருந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதிபர் ட்ரூமன் குடிமைப் பாதுகாப்புக்கென்று தனி நிர்வாகம் ஒன்றை அமைத்தார். நாட்டிலுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு அணுகுண்டை எப்படிச் சொல்வது என்று யோசித்து அவர்கள் கண்டுபிடித்தது பெர்ட் என்ற ஆமையை. தலையில் கவசத் தொப்பி, கழுத்தில் வில் டை. குரங்கு ஒன்று குச்சியில் வெடியைக் கட்டி அதன் முகத்துக்கு நேரே நீட்டும். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெடி வெடிக்கும். ஆமைக்கு ஒன்றும் ஆகாது. இது முதலில் சிறு புத்தகமாக வந்தது, பிறகு ஒன்பது நிமிடப் படமாக 1952 தொடக்கத்திலிருந்து வகுப்பறைகளுக்குப் போனது. படத்தின் பெயரே பாடம்தான்: குனி, மூடிக்கொள்.

அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதிப் பிள்ளைகளை வைத்து எடுத்த காட்சிகள் அதில் உண்டு. வெளிச்சம் பளிச்சிட்டதும் சைக்கிளில் போகும் சிறுவன் தெருவோரம் பாய்ந்து படுத்துக்கொள்கிறான். சுற்றுலா போன குடும்பம், சாப்பாட்டுக்கு விரித்த துணியை எடுத்துத் தலையில் போர்த்திக்கொள்கிறது. மேசை விரிப்பும் செய்தித்தாளும் அணுகுண்டுக்குக் குடை! பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நம் வீட்டில் கேலியாகச் சொல்வதை அவர்கள் அரசாங்கச் செலவில் படம் எடுத்தார்கள்.

ஆனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது துணி இல்லை. குண்டு எந்த நாளில், எந்த நேரத்தில் வேண்டுமானாலும் விழலாம், அப்போது பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாமலும் போகலாம் என்று அந்தக் குரல் குழந்தைகளிடம் தாலாட்டு மாதிரிச் சொல்கிற இடம்தான். நம் ஊரில் பூச்சாண்டி வருவான் என்று மிரட்டுகிற அம்மா, சோற்றை ஊட்டி முடித்ததும் பூச்சாண்டியைத் துரத்திவிடுவாள். இங்கே பூச்சாண்டியை உள்ளே கூட்டிவந்துவிட்டு அம்மா வெளியே போகிறாள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குனிவது முழு முட்டாள்தனம் இல்லை. வெடிப்பின் வெளிச்சம் உடனே வந்துவிடும், காற்றதிர்ச்சி பிந்தித்தான் வரும். தொலைவில் இருப்பவரைக் காயப்படுத்துவது பெரும்பாலும் பறக்கிற கண்ணாடி. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் விண்கல் வெடித்தபோது ஏறத்தாழ 1,500 பேர் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார்கள். வெளிச்சத்தை வேடிக்கை பார்க்கச் சன்னலுக்கு வந்தவர்கள் பலர். அதே ஊரில் ஒரு ஆசிரியை வெளிச்சத்தைப் பார்த்த உடனே தன் வகுப்பின் 40க்கும் மேற்பட்ட பிள்ளைகளை மேசைக்கு அடியில் போகச் சொன்னார். பிள்ளைகளுக்குக் கீறல் இல்லை, அவருக்குத்தான் கையில் கண்ணாடி கிழித்தது. அந்த அம்மாவை நான் கும்பிடுகிறேன். பெஞ்சு கண்ணாடிக்குக் காவல் என்றால் பிள்ளையிடம் அதை அப்படியே சொல்லலாம்.

பெர்ட் அப்படிச் சொல்லவில்லை. குரங்கு கையிலிருந்த பட்டாசும் அணுகுண்டும் ஒரே அளவு என்று காட்டியது அது. அந்தப் படம் பள்ளிகளுக்குப் போன அதே 1952இன் நவம்பர் 1 அன்று அமெரிக்கா பசிபிக் கடலில் ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. எலுகெலாப் என்ற சின்னத் தீவு அதோடு வரைபடத்திலிருந்து மறைந்தது. அதன் ஆற்றல் 10.4 மெகாடன், அதாவது ஹிரோஷிமா குண்டைப் போல 700 மடங்குக்குக் கிட்டத்தட்ட. ஆமை அதன் பிறகும் பல ஆண்டுகள் அதே தொப்பியோடு வகுப்பறைகளில் சிரித்துக்கொண்டே இருந்தது.

பெரியவர்களுக்குத் தெரியாமலா இருந்தது? நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் நியூயார்க் நகரம் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தில் போர்வீரர்களுக்குப் போடுவது போன்ற உலோக அடையாளத் தகடுகளைப் போட்டது. இந்தியானா மாநிலத்தின் லேக் கவுண்டியில் 1952இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெற்றோர் சம்மதத்தோடு பள்ளிப் பிள்ளைகளுக்கு ரத்தப் பிரிவைப் பச்சை குத்தினார்கள். எங்கே தெரியுமா? இடது அக்குளுக்குக் கீழே, விலாவில். கையில் குத்தினால் கை போய்விட்டால் என்ன செய்வது என்ற யோசனை. வாயில் ஆமைப் பாட்டு, விலாவில் பச்சை. எந்தக் குழந்தை இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்காது? தகட்டை எதற்கு அம்மா மாட்டிவிடுகிறாள் என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் பதில் வேண்டாம் என்று போன பிள்ளைகள் எத்தனை பேரோ.

கடலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 1945 ஆகஸ்ட் 6 காலையில் ஹிரோஷிமாவில் 12, 13 வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வெட்டவெளியில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். விமானக் குண்டு விழுந்தால் தீ பரவாமலிருக்க வீடுகளை இடித்துச் சந்து விடுகிற வேலை. நாட்டுக்கான கடமை என்று சொல்லித்தான் ஜப்பான் அரசு பள்ளிக்கூடத்திலிருந்து அவர்களைக் கூட்டிவந்தது. அவர்களும் ஒருவகைக் குடிமைப் பாதுகாப்புப் படைதான். அப்படி அணிதிரட்டப்பட்ட மாணவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் அன்றும் அடுத்த சில நாட்களிலும் இறந்தார்கள். உயிர் பிழைத்த பிள்ளைகளைத் தாங்கள் கண்டதை எழுதச் சொன்னார் அராத்தா ஒசாதா என்ற கல்வியாளர். அந்தக் கட்டுரைகளில் 105ஐத் தொகுத்து அவர் வெளியிட்ட ஆண்டு 1951. பெர்ட் ஆமையின் புத்தகம் வந்ததும் அதே ஆண்டுதான். ஒரே ஆண்டில் இரண்டு புத்தகம், இரண்டும் பிள்ளைகளையும் அணுகுண்டையும் பற்றியவை. எதை வகுப்பில் வைப்பது என்று தீர்மானித்தது அரசாங்கம்.

1954 மார்ச் 1, பசிபிக் கடலின் பிக்கினித் தீவில் அமெரிக்காவின் 15 மெகாடன் வெடிப்பு. கணித்ததை விட இரண்டரை மடங்கு. சில மணி நேரத்தில் ரோங்கலாப் தீவில் வெள்ளைத் தூள் விழத் தொடங்கியது. சாம்பலாகிப் போன பவளப்பாறை அது. தீவுப் பிள்ளைகள் அதை அள்ளி விளையாடினார்கள். அவர்களை அங்கிருந்து கூட்டிப்போக இரண்டு நாள் ஆனது. அவர்களுக்கு எந்த ஆமையும் வரவில்லை.

இந்த ஒத்திகைகள் யாருக்காக என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பிள்ளைகளைக் காப்பாற்ற என்றால் அளவுகள் பொருந்தவில்லை. பெரியவர்களை அமைதிப்படுத்த என்றால் எல்லாம் பொருந்துகிறது. குழந்தை பெஞ்சுக்கு அடியில் ஒழுங்காகக் குனிந்திருக்கிற படத்தைப் பார்க்கும் அப்பாவுக்கு, ஏதோ ஏற்பாடு இருக்கிறது என்ற நிம்மதி வரும். அந்த நிம்மதி இருந்தால் அடுத்த குண்டுக்குப் பணம் ஒதுக்கும்போது அவர் கேள்வி கேட்க மாட்டார். பிள்ளையின் முதுகில்தான் அந்த நிம்மதியைக் கட்டியிருக்கிறார்கள்.

இதை நன்றாகக் கண்டுகொண்டவர்கள் அம்மாக்கள். 1950களில் அமெரிக்க நகரங்களில் ஆண்டுக்கொருமுறை பெரிய ஒத்திகை நடக்கும். நியூயார்க்கில் சைரன் அடித்ததும் எல்லோரும் உள்ளே போயாக வேண்டும், போகாவிட்டால் குற்றம். 1955இல் மறுத்து உட்கார்ந்த 28 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1960இல் இளம் தாய்மார் கைக்குழந்தையும் பொம்மையும் மூன்று சக்கர சைக்கிளுமாக நகரமன்றப் பூங்காவுக்கு வந்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கான பேர் கூடி நின்றார்கள். குழந்தை வைத்திருக்கும் பெண்ணைக் கைது செய்தால் மறுநாள் செய்தித்தாளில் எப்படி இருக்கும் என்று காவலர்களுக்குத் தெரியும். 1961இல் கூட்டம் ஏறத்தாழ 2,500 ஆனது. அதற்குப் பிறகு அந்த ஒத்திகையே நடக்கவில்லை.

இனி நான் சொல்லப்போவது பல்லைப் பற்றி. இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நம் வீடுகளில் பால்பல் விழுந்தால் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரை மேல் எறிவோம். அமெரிக்காவில் தலையணைக்கு அடியில் வைத்தால் தேவதை காசு வைத்துவிட்டுப் போகும். 1958 முடிவில் செயிண்ட் லூயிஸ் நகரத்தில் பாரி காமனர் போன்ற விஞ்ஞானிகளும் மருத்துவர்களும் ஊர்ப் பெண்களும் சேர்ந்து, எறியவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம், எங்களுக்கு அனுப்புங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்டார்கள். முதல் ஆண்டுகளில் அதை நடத்தியவர் லூயிஸ் ரைஸ் என்ற மருத்துவர். பல் அனுப்பிய குழந்தைக்குச் சட்டையில் குத்திக்கொள்ளும் பொத்தான் (பேட்ஜ்) ஒன்று வரும். ஓட்டைப் பல் தெரியச் சிரிக்கும் குழந்தையின் படமும், என் பல்லை அறிவியலுக்குக் கொடுத்தேன் என்ற வாசகமும் அதில் இருக்கும்.

எதற்குப் பல்? பத்தாம் வகுப்பில் தனிம அட்டவணையைத் தொங்கவிட்டு நான் காட்டுவேன். கால்சியத்துக்கு நேர் கீழே ஸ்ட்ரான்சியம். ஒரே குடும்பம். உடம்புக்கு இரண்டையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வெடிப்பில் உண்டாகும் ஸ்ட்ரான்சியம்-90 காற்றில் போய், மழையில் இறங்கி, புல்லில் ஏறி, மாட்டின் பாலில் வந்து, பால் குடிக்கும் குழந்தையின் எலும்பிலும் முளைக்கும் பல்லிலும் உட்கார்ந்துகொள்ளும். அதில் பாதி சிதையவே ஏறத்தாழ 29 ஆண்டு. எலும்பை அறுத்துப் பார்க்க முடியாது. ஆனால் பல் தானாக விழுகிறது. பிறந்த ஆண்டும் ஊரும் தெரிந்தால் அந்தப் பல் ஒரு நாட்குறிப்பு.

1961இல் முதல் முடிவுகள் வந்தன. சோதனை வெடிப்புகள் கூடக்கூடப் பல்லிலும் கூடியிருந்தது. வெகுதூரத்துப் பாலைவனத்தில் நடக்கிறது, உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று அரசு சொல்லிவந்ததற்கு, ஓட்டைப் பல் குழந்தைகள் எழுதிய மறுப்பு அது. 1970 வரை சேர்ந்த பற்கள் 3,20,000க்குக் கிட்டத்தட்ட. 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில் அமெரிக்காவும் சோவியத்தும் பிரிட்டனும் வானிலும் கடலிலும் விண்வெளியிலும் சோதனை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டன. பல் மட்டும் அதைச் சாதித்தது என்று நான் சொல்ல மாட்டேன். 1962 கியூபா ஏவுகணை நெருக்கடி தந்த பயம் இருந்தது, தெருவில் பெண்கள் இருந்தார்கள், அரசியல் கணக்கு இருந்தது. ஆனால் ஒப்பந்தத்தைப் பற்றி நாட்டு மக்களிடம் பேசிய கென்னடி, குழந்தைகளின் எலும்பையும் ரத்தத்தையும் பற்றித்தான் பேச வேண்டியிருந்தது.

ஒரே நாடு, ஒரே பத்தாண்டுகள், ஒரே பிள்ளைகள். ஒருத்தர் அந்தப் பிள்ளையிடம் குனி என்றார். இன்னொருத்தர் உன் பல்லைக் கொடு, என்ன இருக்கிறதென்று அளந்து சொல்கிறேன் என்றார். பின்னதுதான் அதிகப் பயம் தர வேண்டிய செய்தி, யோசித்துப் பாருங்கள். என் வாய்க்குள்ளேயே குண்டு இருக்கிறது என்பதை விட வேறென்ன வேண்டும்? அப்படியும் பிள்ளைகள் பொத்தானைக் குத்திக்கொண்டு திரிந்தார்கள்.

சரி, ஊர்க்கதையை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் நான் யோக்கியன் ஆகிவிட மாட்டேன். என் கதைக்கு வருகிறேன்.

1998 மே 11இலும் 13இலும் பொக்ரானில் ஐந்து வெடிப்புகள். ஜூனில் பள்ளி திறந்ததும் எங்கள் பள்ளியில் ஒரு பேச்சுப்போட்டி வைத்தார்கள், இந்தியாவின் அணு ஆற்றல் பெருமை என்று தலைப்பு. பிள்ளைகள் முழங்கினார்கள். ராக்கெட்டையும் குண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் இரண்டையும் சேர்த்து வரைந்திருந்தார்கள். நடுவர் நான். முதல் பரிசு வாங்கியவனுக்குச் சில்வர் தட்டு கொடுத்தோம். ஆகஸ்ட் 6 வந்தது. ஹிரோஷிமா நாள் என்று அதே பிள்ளைகளை உட்காரவைத்துக் காகிதக் கொக்கு மடிக்கச் சொன்னோம். அதே மைக், அதே சாமியானா, பேச்சுப்போட்டிக்கு அதே நடுவர். முதல் பரிசும் கிட்டத்தட்ட அதே பையனுக்குத்தான் போயிருக்கும், அம்மை போட்டதால் அவன் வரவில்லை.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஜூன் போட்டி முடிந்ததும் என்னிடம் வந்தான். ஆடு வளர்க்கிற வீடு. "சார், அது வெடிச்ச எடத்துல ஆடு மேய்க்கிறவங்க இருந்தாங்களா சார்?" என்றான். போட்டிக்கு அது தலைப்பு இல்லப்பா என்று அனுப்பிவிட்டேன். பிறகுதான் படித்தேன், பொக்ரானின் வெடிப்பு நிலத்தை ஒட்டிக் கேதோலாய் என்று ஓர் ஊர் இருக்கிறது, ஆடும் மாடும் ஒட்டகமுமாகப் பிழைக்கிறவர்கள். வெடிப்பில் வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்டன. கால்நடைக்கும் தங்களுக்கும் நோய் கூடுகிறது என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மே 11ஐ நாம் தேசியத் தொழில்நுட்ப நாள் என்று கொண்டாடுகிறோம். பாகிஸ்தான் தன் பங்குக்கு, அதே ஆண்டு சாகாய் மலையில் தன் அணுகுண்டை வெடித்த மே 28ஐக் கொண்டாடுகிறது. அந்த மலையின் மாதிரியை நாற்சந்தியில் நிறுத்தி வைத்து, அங்கேயும் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். 2025 தொடக்கத்தில் அவர்களிடம் 170, நம்மிடம் 180 அணுகுண்டுகள் இருந்திருக்கலாம் என்பது ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனத்தின் 2025 மதிப்பீடு. இரண்டு பக்கமும் முதல் பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயது ஆகப்போகிறது.

கொக்குக் கதையும் சுத்தமில்லை. ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் ஆசை நிறைவேறும் என்று நம்பி மடித்த ஹிரோஷிமாச் சிறுமி சடாகோ, ஆயிரம் மடிப்பதற்குள் இறந்துவிட்டாள் என்றுதான் நானும் சொல்லிக்கொடுத்தேன். அவள் ஆயிரத்தைத் தாண்டியும் மடித்தாள் என்கிறார் அவள் அண்ணன். மடித்து முடித்தும் 1955 அக்டோபர் 25 அன்று, 12 வயதில், ரத்தப் புற்றில் போய்ச் சேர்ந்தாள். ஆசை நிறைவேறாததற்குக் கணக்குக் குறைந்ததுதான் காரணம் என்றால் கேட்கிற பிள்ளைக்கு ஓர் ஆறுதல். முழுக் கணக்கும் செலுத்திய பிறகும் குண்டு விடவில்லை என்பது வேறு கதை. சமாதானத்துக்காகச் சொன்னாலும் நாங்கள் கொஞ்சம் சர்க்கரை தடவித்தான் கொடுத்தோம்.

பயப்படுகிறவரைப் பற்றிய உங்கள் எண்ணத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டோம். 2012இல் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரையில் மக்கள் உட்கார்ந்திருந்தபோது, அவர்களுக்கு மனநல ஆலோசனை கொடுக்கப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்களைக் கேட்டது ஒன்றிய அரசு. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதது பேதைமை என்று வகுப்பில் மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, அஞ்சியவருக்கு வைத்தியரை அனுப்புகிறோம்.

மறுபடியும் 2025 மே 7க்கு வருகிறேன். நீங்கள் ஒத்திகை நடத்திய அதே நாள் ஜம்மு காஷ்மீரின் எல்லையோரப் பூஞ்சில் பீரங்கிக் குண்டுகள் ஊருக்குள் விழுந்து பிள்ளைகள் இறந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் பிள்ளைகள் இறந்ததாகப் பாகிஸ்தான் சொல்கிறது. ஆகஸ்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சிக் குழு அந்தப் போர் நாட்களைப் பற்றி மூன்றாம் வகுப்பிலிருந்தே படிக்கத் துணைப்பாடம் வெளியிட்டது, வீரத்தின் கதையாக. வீரத்தைச் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு விமானத்தின் பெயர் தெரியலாம் என்றால், தன் வயதுப் பிள்ளை பூஞ்சில் செத்தது தெரியக் கூடாதா?

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. அடுத்த ஒத்திகைச் சுற்றறிக்கையில், பெஞ்சு எதற்குக் காவல், எதற்குக் காவல் இல்லை என்று இரண்டு வரி எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். கண்ணாடிக்கும் கூரை ஓட்டுக்கும் காவல், அணுகுண்டு பக்கத்தில் விழுந்தால் இல்லை. அந்தக் குண்டிலிருந்து தப்பிக்கிற ஒரே இடம் அது வெடிக்காத நாள் என்பதைப் பெரியவர்கள் ஒப்புக்கொள்கிற இரண்டு வரி. பிள்ளைகள் குனிந்திருக்கும்போது கேமராவை உள்ளே விடாதீர்கள். படத்துக்காகத்தான் குனிகிறோம் என்பது அவர்களுக்கு உங்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. மே 11 விழாவுக்குக் கேதோலாயின் விரிசல் விட்ட சுவர் ஒன்றின் படத்தையும் அனுப்பி வையுங்கள், நடுவராக இருக்கிறவர் என்னைப் போலத் தப்பித்துக்கொள்ள முடியாதபடி.

ஆட்டைப் பற்றிக் கேட்ட அந்தப் பையன் இப்போது கல்பாக்கத்தில் ஒப்பந்த வேலை செய்கிறான். மே 7 இரவு போன் செய்தான். டிவியைப் பார்த்துவிட்டு மகள் தூங்க மாட்டேன் என்கிறாள், என்ன சொல்லட்டும் என்று கேட்டான். உண்மையைச் சொல்லு என்றேன். "உண்மை என்னன்னு நீங்க சொல்லவே இல்லையே சார்" என்றான், சிரித்துக்கொண்டேதான்.

10ஆம் தேதி சண்டை நின்றது. மறுநாள் ஞாயிறு, தொழில்நுட்ப நாளும் கூட. பழைய தனிம அட்டவணையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். பாப்பாவுக்கு ஏழு வயது. முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது, பேசும்போது நாக்கால் அதைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். கால்சியத்தைக் காட்டினேன், அதற்குக் கீழே ஸ்ட்ரான்சியத்தைக் காட்டினேன், அந்த ஊர்ப் பிள்ளைகள் பல் அனுப்பிய கதையைச் சொன்னேன்.

"என் பல்லுல இருக்கா தாத்தா?"

துளியூண்டு இருக்கலாம், அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இருந்ததை விட ரொம்பக் குறைவு என்றேன். பயப்படுவாள் என்று அவள் அப்பா என்னை முறைத்தான். அவள் பல்லை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"அப்ப நான் கூரை மேல போட மாட்டேன். எங்க அனுப்புனா அளந்து சொல்லுவாங்க?"

ஐயா, அம்மையீர், அந்த முகவரி உங்களிடம் இருந்தால் அனுப்பி வையுங்கள். பல் இன்னும் விழவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியன்